போர்ஷே 911 (997): ஆறு வருடம், ஒரு சீட், ஒரு வளைவு

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சி, 997 விலை கொஞ்சம் இறங்கியிருக்கு போல. ட்ராக்குக்கு எடுக்கலாமா, இல்ல கேமனே போதுமா? உண்மையச் சொல்லு." 997 என்பது நான் வைத்திருக்கிற போர்ஷே 911 தலைமுறையின் எண், கேமன் அதே கம்பெனியின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார். அவனும் நானும் கோவையில் ஒன்றாகப் படித்தவர்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்த புதிதில் வெயிலில் நின்று ரேஸ் பார்த்த கோஷ்டி. இப்போது ரெண்டு பேரும் இங்கிலாந்தில், அவன் கவன்ட்ரியில், நான் டார்ட்ஃபோர்டில். அவன் கேட்ட நேரம் சரியில்லை, ஏனென்றால் அதற்கு நாலு நாள் முன்னால்தான் இந்தக் காரின் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். என்னவோ சொல்லி அனுப்பிவிட்டேன். நிதானமாக எழுதினால்தான் காருக்கும் நியாயம், அவனுக்கும் நியாயம்.

எஞ்சினின் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது, எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்குகிற ஐ.எம்.எஸ் பேரிங் கெடுவது, இதெல்லாம் 997 தேடுகிற எல்லோருக்கும் மனப்பாடம். அதைத் தொடப் போவதில்லை. நான் எழுதப் போவது டிரைவர் சீட்டைப் பற்றி. சீட்டுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று தோன்றலாம். எஞ்சின் பின்னால் இருக்கிற காரை வளைவில் ஓட்டுவதில் பாதி சங்கதி நாம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இது எனக்கு முழுசாகப் புரிய ஆறு வருடம் ஆனது, நடுவில் ஒரு தடவை சரளைக் குழியிலும் போய் நின்றேன்.

என்னுடையது 2005 கரேரா. 3.6 லிட்டர், 325 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், 18 அங்குலச் சக்கரம், முன்னால் 235, பின்னால் 265 அகல டயர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பந்தயத் தடம் பிராண்ட்ஸ் ஹாட்ச் என்பதால் பெரும்பாலும் அங்கேதான், அதுவும் இண்டி சர்க்யூட் என்கிற சின்னச் சுற்றில்தான். ஒரு சுற்றுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் ஏற்ற இறக்கம் அத்தனையும் அதற்குள் இருக்கிறது.

சரி, நடந்தது இதுதான். இந்தக் காரின் சாதாரண சீட்டில் உயரத்துக்கும் முன் பின் நகர்த்தவும் கையால் இயக்கும் நெம்புகோல், முதுகுச் சாய்மானத்துக்கு மட்டும் மின்மோட்டார். அந்த மோட்டார் ரெண்டு மாதமாக முனகிக்கொண்டே இருந்து, ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டது. ஒர்க்ஷாப்பில் விட்டேன். சீட்டை வெளியே எடுத்து, மோட்டாரை மாற்றி, திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது, பில்லைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. வண்டியை எடுத்து வந்த அடுத்த சனிக்கிழமை ட்ராக் டே, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுகிற நாள்.

முதல் ரவுண்டிலிருந்தே கார் வேறு யாருடைய காரோ மாதிரி இருந்தது. முதல் வளைவான பேடக் ஹில்லில் முன்பக்கம் வளைய மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பொறுத்து வளைந்தால் பின்பக்கம் நெளிகிறது. அடுத்த வளைவான ட்ரூயிட்ஸில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தோள் சீட்டை விட்டு எழும்புகிறது. நான் என்ன நினைப்பேன்? சக்கர அலைன்மென்ட் போய்விட்டது, டயர் முடிந்துவிட்டது. டயர் காற்றை மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் காரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். சாப்பாட்டு இடைவேளையில் ஹெல்மெட்டோடு சும்மா சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டீயரிங்கின் உச்சியில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு எட்டவில்லை. விரல்தான் எட்டியது. சாய்மானம் பழைய இடத்தை விட ஒரு நாலு விரல்கடை பின்னால் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். சுவிட்சை அழுத்தி நிமிர்த்தினேன், சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்தேன். மத்தியானத்துக்கு மேல் என் பழைய கார் திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம்தான். ஒர்க்ஷாப்பின் மேல் அல்ல, நாலு விரல்கடைக்கு இவ்வளவு ஆட்டம் காட்டுகிறதே என்று காரின் மேல். முன்னால் எஞ்சின் வைத்த காரில் சீட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் முதுகு வலிக்கும், ரெண்டு செகண்ட் கூடப் போகும், அத்தோடு சரி. இங்கே அப்படி இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். 911-இல் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்களின் மேல் இருக்கிறது, எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன்பக்கம் லேசு. லேசான முன்டயர் தரையைக் கவ்வ வேண்டுமென்றால் அதன் மேல் பாரம் ஏற்ற வேண்டும், பாரம் ஏற்றுவது பிரேக். அதனால் நேர்கோட்டில் பலமாக பிரேக் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல், திருப்பத் திருப்பக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வர வேண்டும். சட்டென்று விட்டால் மூக்கு மேலே எழும்பும், முன்டயர் பிடிப்பை விடும், கார் நேராகவே போகப் பார்க்கும். சரியான அளவில் விட்டால் மூக்கு வளைவுக்குள் அமைதியாக உட்காரும், அதன் பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கலாம். மிதித்ததும் பாரம் பின்னால் போகும், பின்டயர் கவ்வும். இதற்கு நடுவில் செய்யவே கூடாத ஒரே காரியம், வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்குவது. தூக்கினால் பாரம் முன்னால் ஓடும், பின்சக்கரம் லேசாகும், பின்னால் தொங்குகிற எஞ்சின் கயிற்றில் கட்டின கல் மாதிரி வெளியே வீசும்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நானும் வாங்குவதற்கு முன்னாலேயே படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். தெரிந்தும் இரண்டாம் வருடம் பேடக் ஹில்லில் காரோடு சுழன்றேன்.

அந்த வளைவைத் தெரியாதவர்களுக்காக: ஸ்டார்ட் கோட்டைத் தாண்டி நேராக வந்தால் சாலை கொஞ்சம் மேலே ஏறி, உச்சியில் பிரேக் போட வேண்டும். வலதுபக்கம் திரும்பத் தொடங்கும்போது உள்முனை சரியாகக் கண்ணில் படாது. திரும்பியதும் தரை காலுக்குக் கீழே நழுவுகிற மாதிரி இறங்கும், அடிவாரத்தில் கார் அப்படியே தரையோடு அமுங்கும், பிறகு ட்ரூயிட்ஸுக்கு ஏற்றம். இறக்கத்தில் கார் லேசாகிற அந்த ஒரு நொடியில்தான் நான் காலைத் தூக்கியிருக்கிறேன். தூக்கினேன் என்றே எனக்குத் தெரியாது. பின்பக்கம் கிளம்பியது, ஸ்டீயரிங்கைத் திருப்பிப் போட்டேன், நேரம் கடந்துவிட்டது, வெளிப்பக்கச் சரளையில் போய்ப் புதைந்தேன். காருக்கு அடி இல்லை. பல நாள் கழித்தும் காரின் அடித்தட்டிலிருந்து கல் உதிர்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் உட்கார வைத்து இருபது நிமிடம் ஓட்டினேன். அறுபதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசவில்லை. மூன்று சுற்று ஆனதும் பிட்டுக்குள் வரச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்காகப் பிடித்திருக்கிறாயா, விழாமல் இருப்பதற்காகப் பிடித்திருக்கிறாயா?

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது சரிதான். நான் சாலையில் ஓட்டுகிற மாதிரி, கையை நீட்டி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இந்தச் சீட்டில் பக்கவாட்டுத் தாங்கல் குறைவு. வலதுபக்க வளைவில் உடம்பு இடதுபக்கம் நழுவும். நழுவுகிற உடம்பைத் தாங்க ரெண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கும். அப்படி இறுக்கிப் பிடித்த கைக்கு முன்டயர் சொல்லுகிற எதுவும் கேட்காது. அதை விட மோசம் என்னவென்றால், இடுப்பு நழுவும்போது வலது காலும் கூடவே இழுபடும், பெடலிலிருந்து அரை அங்குலம் விலகும். அந்த அரை அங்குலம்தான் நான் தூக்காமல் தூக்கியது. மூளை பயப்படவே இல்லை. உடம்பு சரிந்தது, கால் நகர்ந்தது, 911 திரும்பிக்கொண்டது.

இதைத்தான் என் நண்பனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 911 சுற்றிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் எல்லோரும் தைரியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், காலைத் தூக்காதே, உறுதியாக இரு என்கிறார்கள். பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் அவன் கால் நகரத்தான் செய்யும்.

அன்றிலிருந்து நான் உட்காருவது இப்படி. முதலில் பின்பாகத்தைச் சீட்டின் மூலைக்குள் நன்றாகத் தள்ளி உட்காருவேன், இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் காற்றுகூடப் போகக் கூடாது. பிரேக்கை அடிவரை பலமாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், நேராக நீண்டுவிட்டால் சீட் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். இது ஏன் முக்கியம் என்றால், சீட் தூரமாக இருந்தால் பிரேக்கை இடுப்பிலிருந்து விடுவோம், மொத்தக் காலும் ஒரே தூக்காகத் தூக்கும். பக்கத்தில் இருந்தால் குதிகாலைத் தரையில் ஊன்றிக் கணுக்காலால் விடலாம். மூக்கு எழும்பாமல் பிரேக்கை விடுவது என்று மேலே எழுதினேனே, அது கணுக்காலால் மட்டுமே வருகிற வித்தை. எத்தனையோ நாள் அதை நான் என் பயிற்சிக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் அது தூரக் குறைபாடு.

அப்புறம் சாய்மானம். சாலையில் ஓட்டுவதை விட நன்றாக நிமிர்ந்து, முதலில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி அசிங்கமாகத்தான் இருக்கும். தோள் ரெண்டும் சாய்மானத்தில் ஒட்டியிருக்க, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். 997-இல் ஸ்டீயரிங்கை மேலேயும் கீழேயும் நகர்த்தலாம், நம் பக்கமும் இழுக்கலாம், இழுக்கிற வசதியை முழுசாகப் பயன்படுத்துங்கள். இதற்கு முந்தைய 996-இல் முன் பின் மட்டும்தான். கை ஒன்பது மணி, மூன்று மணி. ட்ரூயிட்ஸ் மாதிரி இறுக்கமான வளைவிலும் கையை மாற்றாமல் திருப்ப முடிந்தால் தூரம் சரி. இடது கால், கிளட்ச் மிதிக்காத நேரமெல்லாம் ஃபுட்ரெஸ்டில் அழுத்தி ஊன்றியிருக்க வேண்டும், அதுதான் உடம்பைச் சீட்டுக்குள் தள்ளி வைக்கிற தூண். வலதுபக்க வளைவில் இடது முழங்கால் நடு கன்சோலில் போய்ச் சாயும். அப்படி உட்கார ஆரம்பித்த முதல் வருடம் அந்த இடத்தில் முழங்கால் நீலம் பாய்ந்து கிடந்தது. இப்போது ஒரு துண்டு பஞ்சு அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன், இதுவரை இந்தக் காருக்கு நான் செய்த செலவிலேயே அதுதான் மலிவு, அதுதான் அதிக பலன்.

பெல்ட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளி, பெல்ட்டை மாட்டி, வெடுக்கென்று இழுத்தால் ரீல் பூட்டிக்கொள்ளும். பூட்டினதை விடாமல் சீட்டை முன்னால் நகர்த்தினால் நெஞ்சோடு இறுகிவிடும். பந்தயக் காரின் ஹார்னெஸ் அளவுக்கு வராது, ஆனால் உடம்பு நழுவுவது பாதியாகக் குறையும்.

இப்போது எனக்கு இத்தனை வருடமாகத் தீராத எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். என் காரில் சன்ரூஃப் இருக்கிறது. அதன் பெட்டி கூரைக்குள் இருப்பதால் தலைக்கு மேல் இடம் குறைவு. நான் ஐந்தடி பதினோரு அங்குலம். சரியாக நிமிர்ந்து உட்கார்ந்தால் ஹெல்மெட் கூரையில் இடிக்கிறது, இடிக்காமல் இருக்கச் சாய்ந்தால் மேலே சொன்ன அத்தனையும் கெட்டுப்போகிறது. சீட்டின் உயரத்தைக் கடைசி வரை இறக்கிவிட்டேன், இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் வேண்டும், அந்த ரெண்டு சென்டிமீட்டர் கிடையாது. நிமிர்ந்து உட்கார ஆரம்பித்ததிலிருந்து கழுத்தை ஒருபக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். கிரஹாம் ஹில் வளைவில், அதாவது ட்ரூயிட்ஸிலிருந்து இறங்கி இடதுபக்கம் திரும்புகிற இடத்தில், ஹெல்மெட் கூரைத் துணியில் உரசுகிற சத்தம் எனக்கு எஞ்சின் சத்தத்தை விட நன்றாகத் தெரியும். ஓட்டுவதற்காகவே செய்கிற கார் என்று சொல்லிக்கொண்டு, ஹெல்மெட் போட்ட சராசரி உயரக்காரன் நிமிர்ந்து உட்கார முடியாமல் செய்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கெட் சீட், அதாவது உடம்பை ரெண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற பந்தய சீட், போட்டால் பிரச்சினை தீரும், இறங்கி உட்காரலாம், பக்கத் தாங்கலும் கிடைக்கும். ஆனால் சாய்மானம் மடங்காத சீட்டைப் போட்டால் மகள் பின் சீட்டுக்குப் போக முடியாது, ஏர்பேக் ஒயரிங் தலைவலி வேறு. அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் இந்தக் காரில்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். சரியாக உட்கார்ந்து, சரியாக பிரேக்கை விட்டு, உள்முனையைக் கொஞ்சம் தாமதமாகத் தொட்டு, சுற்றின் கடைசி வளைவான கிளியர்வேஸிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நடக்கிற காரியம் இருக்கிறதே, அதை வேறு எந்தக் காரிலும் நான் அனுபவித்ததில்லை. பின்பக்கம் நிஜமாகவே கீழே உட்காரும். எஞ்சினின் மொத்தக் கனமும் ரெண்டு அகலமான டயரின் மேல் ஏறி நிற்கும், சாய்மானம் உங்கள் முதுகைத் தள்ளும், ஸ்டீயரிங் கையில் லேசாகும். அந்த லேசாவதை வைத்தே இன்னும் எவ்வளவு மிதிக்கலாம் என்று சொல்லிவிடலாம். முன்னால் எஞ்சின் உள்ள, இதை விட நிறையக் குதிரைத்திறன் உள்ள கார்கள் அந்த இடத்தில் சக்கரம் சுழன்று தடுமாறும்போது, இது சத்தம் போடாமல் போய்விடும். ஈரத்தில் இன்னும் அழகு. பிரேக்கும் அப்படித்தான்: முன்னால் பாரம் ஓடினாலும் பின்சக்கரத்தில் மிச்சம் இருக்கிறது, நாலு சக்கரமும் சேர்ந்து நிறுத்துகிறது. ஆறு வருடத்தில் பிரேக்கைப் பற்றி ஒரு குறை எழுத எனக்கு விஷயம் கிடைக்கவில்லை.

சில்வர்ஸ்டோனில் போர்ஷே நடத்துகிற அனுபவ மையத்தில் ஒரு இயந்திரத் தட்டு இருக்கிறது. காரின் பின்சக்கரம் அதன் மேல் ஏறும்போது தட்டு பக்கவாட்டில் உதைக்கும், ஈரத் தரையில் கார் சறுக்கும், நாம் பிடித்து நேராக்க வேண்டும். வாங்கினால் முதலில் அங்கே போ என்று யாருக்கும் சொல்வேன். அங்கே எனக்குத் தெரிந்தது, சறுக்கல் முதலில் கண்ணுக்குத் தெரிவதில்லை, இடுப்புக்குத்தான் தெரிகிறது. இடுப்பு சீட்டோடு ஒட்டியிருந்தால் கை தானாகத் திருத்திவிடுகிறது. ஒட்டாத அன்றைக்குக் கண் பார்த்து, மூளை யோசித்து, கை திருப்புவதற்குள் காலம் போய்விடுகிறது.

போர்ஷே இந்த எஞ்சின் இடத்தோடு மல்லுக்கட்டிய கதையும் நீளமானது. ஆரம்ப 911-களின் முன் பம்பருக்குள் பாரத்துக்காக இரும்புக் கட்டிகளை வைத்திருக்கிறார்கள். 1969 மாடலில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். 2011-இல் வந்த அடுத்த தலைமுறையான 991-இல் இன்னும் 100 மில்லிமீட்டர். பந்தயத்துக்கான 2017 ஆர்.எஸ்.ஆரில் எஞ்சினையே பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். அதாவது செய்தவர்களுக்கே தெரியும் எது சுலபமான இடம் என்று. சாலையில் ஓடுகிற 911-இல் மட்டும் விடாப்பிடியாகப் பின்னாலேயே வைத்திருக்கிறார்கள், அதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

சரி, முடிவு. கேமனில் எஞ்சின் நடுவில். வளைவின் நடுவில் கால் கொஞ்சம் நகர்ந்தால் அது இவ்வளவு கடுமையாகத் தண்டிக்காது, மூக்கும் சொன்னபடி திரும்பும், உட்காருவதில் நாலு விரல்கடை தப்பு செய்தாலும் நாள் வீணாகாது. இன்றைக்கு, பில் இன்னும் மேசை மேல் கிடக்கிற இந்த மனநிலையில், என்னிடம் கேட்டால் 911 வாங்காதே, கேமன் வாங்கு என்றுதான் சொல்வேன். மேலே எழுதின பாராட்டு அத்தனையும் நிஜம், ஒன்றைக்கூட வாபஸ் பெறவில்லை, ஆனாலும் வாங்காதே. மாதம் ஒரு நாள் ட்ராக்குக்குப் போகிறவனுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. என்னுடையதை விற்கிறாயா என்று அவன் அடுத்துக் கேட்பான். விற்கவில்லை.

அவ்வளவு ஆசை என்றால் இருபத்திரண்டாம் தேதி பிராண்ட்ஸ் ஹாட்சுக்கு வாடா, என் சீட்டில் உன்னை உட்கார வைக்கிறேன். நீ என்னை விட மூன்று அங்குலம் குட்டை, உனக்கு ஹெல்மெட் இடிக்காது. மெல்லிய அடி உள்ள ஷூ போட்டு வா. சாய்மானத்தை மட்டும் தொடாதே, சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.